வேனுக்குள் சமையல் கேஸ்: சிலிண்டருக்குத் தனி அறை, தரையில் வழி

தேவகோட்டைத் தம்பி ஒருவர் பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கியிருக்கிறார். சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் படுக்கை, சின்ன மேடை, சிங்க் எல்லாம் வைத்துக் குடும்ப வண்டியாக மாற்றிக்கொண்டிருக்கிறார். அப்பத்தா, அப்பச்சி, ஆத்தா, இரண்டு பிள்ளைகளோடு நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களையும் தரிசித்துவிட்டு, அப்படியே பழனி, கொடைக்கானல் என்று போய்வர எண்ணம். அவர் கேட்பது மூன்று. வீட்டு சிலிண்டரைப் பின்பக்கப் படுக்கைக்கு அடியில் வைத்து டியூப் இழுத்துக்கொள்ளலாமா? அமெரிக்க வண்டிகளில் இருப்பதுபோல் கேஸில் ஓடும் ஃபிரிட்ஜும் வெந்நீர் ஹீட்டரும் வைக்கலாமா? கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுத்துவிடுமே, ஜன்னலைத் திறந்துவைத்தால் போதாதா?

தம்பி, அடுப்பு வைக்கலாம். படுக்கைக்கு அடியில் சிலிண்டர் மட்டும் கூடவே கூடாது. ஜன்னல் போதாது, மூக்கும் போதாது. கல்யாண மண்டபங்களுக்கும் சமையல் கான்ட்ராக்ட் வண்டிகளுக்கும் கேஸ் லைன் போடுவது என் தொழில். காரைக்குடியைச் சுற்றி இப்போது பலர் இப்படி வண்டி கட்ட ஆரம்பித்திருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இந்த வாயுவின் குணம். அமெரிக்காவில் இத்தகைய வண்டிகளில் நிரப்புவது அநேகமாகச் சுத்த புரோப்பேன். நம் சமையல் கேஸ் புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. இரண்டுமே காற்றைவிடக் கனம். புரோப்பேன் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. நம் செட்டிநாட்டு வீடுகளில் விறகடுப்புப் புகை மேலே எழும்பி முற்றத்து வழியாக வானத்துக்குப் போய்விடும். அந்தப் பழக்கத்தில்தான் 'ஜன்னல் திறந்திருக்கிறதே' என்கிறோம். கேஸ் அப்படிப் போகாது. கசிந்தால் கீழே இறங்கும், தரையோடு தரையாகப் பரவும், பள்ளம் கிடைத்தால் அங்கே தங்கும். டிராவலரில் பள்ளம் எங்கே? ஏறும் படிக்கட்டில், படுக்கைக்கு அடியில் இருக்கும் சாமான் பெட்டியில். அதே படுக்கைக்கு அடியில்தான் எல்லோரும் பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் வைக்கிறார்கள். கேஸ் தேங்கும் இடமும் தீப்பொறி கிளம்பக்கூடிய இடமும் ஒன்றாகிவிடுகிறது. உங்கள் திட்டத்தில் எனக்குப் பெரிய பயம் இதுதான்.

அளவையும் பாருங்கள். திரவமாக இருக்கும் கேஸ் ஒரு லிட்டர் வெளியே வந்தால் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரிகிறது. காற்றில் ஏறக்குறைய 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். உங்கள் வண்டியின் உள்கொள்ளளவு 12 கன மீட்டர், அதாவது 12,000 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 2 சதவீதம் 240 லிட்டர். எடையில் பார்த்தால் அரை கிலோவுக்குச் சற்று மேலே. அந்த அளவு போதும், வண்டி முழுக்கப் பற்றத் தயார். வண்டி முழுக்கச் சமமாகப் பரவினால்தான் இந்தக் கணக்கு. தரையோடு ஒரு சாண் உயரத்துக்குத் தேங்கும் கேஸுக்கு அதில் சிறு பங்கே போதும். வீட்டு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ.

மூக்கை நம்பலாமா? கேஸுக்குத் தானாக வாசனை கிடையாது. எத்தில் மெர்காப்டன் என்ற பொருளைக் கலப்பதால்தான் அந்த அழுகல் நாற்றம். ஆனால் தொடர்ந்து முகர்ந்துகொண்டிருந்தால் மூக்குக்குப் பழகிப்போகும். தூங்குகிறவரை நாற்றம் எழுப்பாது. வயதானவர்களுக்கு முகரும் சக்தி குறைவு. கீழே படுத்திருக்கப்போவது அப்பத்தாதான். தரையிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்துக்குள், அடுப்பு இருக்கும் பக்கமாக, கேஸ் கசிவு அலாரம் ஒன்று கட்டாயம் வையுங்கள். கூரையில் மாட்டினால் அது இருந்தும் இல்லாததுதான். அதன்மேல் ஆயுள் முடியும் வருடம் போட்டிருக்கும். அது வந்ததும் மாற்றிவிடுங்கள். கொசு மருந்து ஸ்பிரே பட்டால்கூடக் கத்தும். தொந்தரவு என்று ஒயரைப் பிடுங்கிவிடாதீர்கள்.

சிலிண்டரை எங்கேதான் வைப்பது? அதற்குத் தனி அறை. வண்டியின் பின்புறமோ பக்கவாட்டிலோ ஜிஐ தகட்டில் (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) ஒரு பெட்டி கட்டச் சொல்லுங்கள். அதன் கதவு வெளியிலிருந்து மட்டும் திறக்கவேண்டும். ஆட்கள் இருக்கும் பக்கம் சுவரில் ஒரு ஆணி ஓட்டைகூட இருக்கக் கூடாது. பைப் நுழையும் இடத்தையும் சீலன்ட் வைத்து அடைக்கவேண்டும். பெட்டியின் தரையில் வெளியே பார்த்து ஒரு திறப்பு. கசிந்தது எதுவானாலும் அது வழியாகத் தெருவுக்கு இறங்கிக் காற்றில் கலந்துவிடும். திறப்பு தரையில் மட்டும் இருந்தால் பெட்டித் தரைப்பரப்பில் 2 சதவீதம், குறைந்தது 100 சதுர சென்டிமீட்டர் என்பது ஐரோப்பாவில் கேரவனுக்கு, அதாவது தங்கிப் பயணிக்கும் வண்டிக்கு, உள்ள தரநிலை. அதாவது பத்துக்குப் பத்து சென்டிமீட்டர். உள்ளங்கை அளவு. எலி, பல்லி நுழையாதபடி கம்பிவலை போடலாம். ஆனால் நம் கிராமத்துச் சாலைச் சேறு அந்த வலையை அடைத்துவிடும், மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை தட்டிச் சுத்தம் செய்யவேண்டும். திறப்புக்கு நேர்கீழே சைலன்சர் போகக் கூடாது. பட்டறைக்காரர்களுக்கு இது சொன்னால்தான் தெரிகிறது. வசதியான இடம் என்று சைலன்சருக்கு மேலேயே அறுத்துவிடுகிறார்கள். பேட்டரியும் ஒயர் இணைப்பும் அந்தப் பெட்டிக்குள் வரவே கூடாது.

பெட்டிக்குள் சிலிண்டர் எப்போதும் நின்ற நிலையில் இருக்கவேண்டும். படுத்தால் வாயுவுக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் போகும், அடுப்பில் தீ ஆள் உயரத்துக்கு எழும்பும். அடியில் ஒரு வளையம் வெல்டு செய்து அதற்குள் இறக்கி, இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று என இரண்டு ராட்செட் பெல்ட் போட்டு இறுக்குங்கள். கயிறு போதாது. நிறைந்த வீட்டு சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. 60 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் அடிக்கும்போது அதைக் கயிறு பிடித்து நிறுத்தாது.

ஆனால் வீட்டு சிலிண்டரே உங்களுக்குத் தேவையில்லை. அந்த இணைப்பு வீட்டில் சமைப்பதற்குத் தரப்பட்டது, வண்டியில் ஏற்றிக்கொண்டு போக அல்ல. பெட்ரோல் பங்குகளிலும் ஏஜென்சிகளிலும் அடையாள அட்டை காட்டி வாங்கக்கூடிய 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது. ஒரு பெரிய பர்னர் முழுத் தீயில் எரிந்தால் மணிக்குச் சுமார் 150 கிராம் பிடிக்கும். அப்படியானால் 5 கிலோவுக்கு 30 மணி நேரத்துக்கு மேல் வரும். ஒரு வாரம் காபி, இட்லி, சோறு, குழம்பு எல்லாவற்றுக்கும் தாராளம். காலியானால் வழியில் மாற்றிக்கொள்ளலாம். பெட்டியும் சிறியதாகும், ஆத்தாவே தூக்கி இறக்கலாம்.

கடைகளில் தலையிலேயே பர்னர் மாட்டிய குட்டி சிலிண்டர்கள் விற்கிறார்கள், வீட்டு சிலிண்டரிலிருந்து பிடித்து நிரப்பித் தருகிறேன் என்பார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். ஒரு சிலிண்டரிலிருந்து இன்னொன்றுக்குக் கேஸ் மாற்றுவது சட்டவிரோதம். எவ்வளவு நிரம்பியது என்று அங்கே யாரும் எடை பார்ப்பதில்லை. உள்ளே இருக்கும் திரவம் விரிய இடமில்லாமல் நிரப்பிய சிலிண்டரைச் சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் வைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அமெரிக்காவில் புரோப்பேன் சிலிண்டரை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பவிடாமல் தடுக்க வால்வுக்குள்ளேயே ஒரு மிதவை வைத்திருப்பது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

வாங்கும்போது இரண்டு சோதனை. கைப்பிடி வளையத்தைத் தாங்கும் தகடுகளில் ஒன்றின் உட்புறம் ஒரு ஆங்கில எழுத்தும் இரண்டு எண்ணும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். 'சி 27' என்றால் 2027 செப்டம்பருக்குள் அந்த சிலிண்டர் மறுசோதனைக்குப் போகவேண்டும். தேதி கடந்ததை வாங்காதீர்கள். அடுத்து, வெள்ளை மூடியைக் கழற்றி வால்வு வாய்க்குள் பாருங்கள். கறுப்பு ரப்பர் வாஷர் முழுசாக உட்கார்ந்திருக்கவேண்டும். அதில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் குமிழி வரக் கூடாது. அந்த வெள்ளை மூடியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வண்டி ஓடும்போது அதற்கு வேலை இருக்கிறது.

வண்டி நகர்வதற்கு முன் ரெகுலேட்டரை ஆஃப் செய்து, கழற்றி, மூடியைப் போட்டு அழுத்திவிடுங்கள். அடுப்பு நாபை மட்டும் மூடுவது போதாது. குலுக்கலில் டியூப் கழன்றாலோ மோதலில் பைப் உடைந்தாலோ, மூடிய சிலிண்டரில் கேஸ் தங்கிவிடும், திறந்த சிலிண்டர் முழுசாகக் காலியாகும். பெட்ரோல் பங்குக்குள் நுழையும்போது வண்டிக்குள் எந்தத் தீயும் எரியக் கூடாது.

பைப் வேலையைப் பற்றி. சிலிண்டர் பெட்டியிலிருந்து அடுப்பு வரை நீளமாக ரப்பர் டியூப் இழுக்காதீர்கள். வீடு அசையாது, வண்டி நாள் முழுக்க அதிர்கிறது. தகட்டில் உரசி உரசியே டியூப் தேய்ந்துவிடும், அந்த இடம் வெளியே தெரியவும் தெரியாது. இடையில் செம்பு அல்லது ஸ்டீல் பைப், இரண்டு முனைகளில் மட்டும் குட்டையாக, எஃகுக் கம்பி பொதிந்த ஆரஞ்சு நிற ஐஎஸ்ஐ டியூப். அதன்மேல் வருடம் அச்சிட்டிருக்கும், ஐந்து வருடத்தில் மாற்றவேண்டும். வண்டியில் அதற்கு முன்னாலேயே மாற்றுவது நல்லது. பைப் தகட்டைத் துளைக்கும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் வளையம், முழு நீளத்துக்கும் கிளாம்ப். அடுப்புக்கு முன்னால் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு வால்வு. மூட்டுகளை மரப் பலகைக்குப் பின்னால் ஒளிக்காதீர்கள், சோப்புத் தண்ணீர் தடவ வழி இருக்கவேண்டும்.

அந்தச் சோதனை இப்படி: பர்னர்கள் எல்லாம் மூடியிருக்க, ரெகுலேட்டரைத் திறந்து, ஷாம்பு கலந்த நீரைப் பிரஷ்ஷில் தொட்டு ஒவ்வொரு மூட்டிலும் சுற்றித் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். கசிவு சின்னதாக இருந்தால் குண்டூசித் தலை அளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாக எழும். ஒவ்வொரு பயணத்துக்கும் முன் இதைச் செய்யுங்கள். தீக்குச்சி காட்டிப் பார்க்கும் ஆட்கள் இன்னும் நம் ஊரில் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவரை வண்டியைத் தொடவிடாதீர்கள்.

அடுப்பு வாங்கும்போது, தீ அணைந்தால் தானாகக் கேஸை நிறுத்தும் அமைப்பு உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். பர்னர் ஓரத்தில் ஒரு சின்னக் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். அது சூடாக இருக்கும்வரைதான் வழி திறந்திருக்கும். வண்டிக் கதவைத் திறந்தால் அடிக்கும் காற்றில் தீ சட்டென்று அணையும், சாதாரண அடுப்பில் கேஸ் அப்படியே வந்துகொண்டிருக்கும். விலை கொஞ்சம் அதிகம்தான், கொடுத்து வாங்குங்கள்.

இதுவரை எரியாத கேஸைப் பற்றிச் சொன்னேன். எரிந்த கேஸும் ஆளைக் கொல்லும், நம் ஊரில் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஒரு பர்னர் ஒரு மணி நேரம் எரிய ஏறக்குறைய 2 கன மீட்டர் காற்று வேண்டும். உங்கள் வண்டியில் இருப்பதே 12. வெயில் தாங்காமல் ஜன்னலை மூடி ஏசி போட்டுக்கொண்டு சமைத்தால் ஆக்சிஜன் குறையும், தீ மஞ்சளாகும், கார்பன் மோனாக்சைடு கிளம்பும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டவேண்டிய இடத்தில் இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் போய் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், தூக்கம் என்று வரும், எழுந்திருக்க முடியாது. 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று கண்டறிந்தார்கள். அதனால் இரண்டாவது அலாரம் ஒன்று வேண்டும், கார்பன் மோனாக்சைடுக்கு. அது தரையில் அல்ல, படுத்திருப்பவர் தலைமாட்டு உயரத்தில். சமைக்கும்போது கூரை வென்ட்டும் ஒரு பக்க ஜன்னலும் திறந்தே இருக்கவேண்டும். கொடைக்கானல் குளிரில் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர் காய்வது வேண்டவே வேண்டாம். கம்பளி கொண்டுபோங்கள். அங்கே இன்னொன்றும் நடக்கும்: பியூட்டேன் திரவம் வாயுவாக மாறும் கொதிநிலை பூஜ்ஜிய டிகிரியை ஒட்டியே இருக்கிறது, அதனால் குளிர் ஏற ஏற அழுத்தம் குறைந்து தீ சோர்ந்துபோகும். உடனே சிலிண்டர்மேல் வெந்நீர் ஊற்றுகிறார்கள், அதைச் செய்யாதீர்கள். வெயில் வரட்டும் என்று பொறுங்கள்.

இனி ஃபிரிட்ஜும் ஹீட்டரும். அமெரிக்க வண்டிகளில் உள்ள கேஸ் ஃபிரிட்ஜ் கேஸில் ஓடும்போது அதற்குள் ஒரு தீ எரியும். அதன் புகை வெளியே போகத் தனி வழி, வண்டி சமதளத்தில் நிற்பது என்று நிபந்தனைகள் நிறைய. அவர்கள் அதற்கென்றே வண்டியைக் கட்டுகிறார்கள், தரையோரம் கேஸ் அலாரம் வைத்துத்தான் விற்கிறார்கள். நாம் பாதியை மட்டும் எடுத்து ஒட்டக் கூடாது. 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஒன்று பேட்டரியில் ஓடட்டும், வேலை முடிந்தது. வீட்டுக் குளியலறைக்கு விற்கும் கேஸ் கீசரை வண்டிக்குள் மாட்டுவதற்கு நான் உடன்படவே மாட்டேன். மூடிய அறையில் அது எத்தனை உயிர்களை வாங்கியிருக்கிறது என்பது செய்தித்தாள் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். அப்பத்தாவுக்கு வெந்நீர் வேண்டுமானால் அடுப்பில் ஒரு பாத்திரம் வைத்துக் கொடுங்கள்.

என்னைக் கேட்டால், சமையலை முடிந்தவரை வண்டிக்கு வெளியே வையுங்கள். சிலிண்டர் பெட்டிக்குப் பக்கத்தில் வெளிப்புறமாக ஒரு இணைப்பு வாய் வைத்து, மடக்கு மேசை போட்டு, புளியமர நிழலில் சமைத்தால் மேலே சொன்ன ஆபத்துகளில் முக்கால்வாசி காணாமல் போகும். உள் அடுப்பு மழைக்கும் ராத்திரிப் பாலுக்கும் மட்டும். எண்ணெய் காய வைக்கிற வேலை வண்டிக்குள் வேண்டாம். தேன்குழலும் மாவுருண்டையும் சீப்புச்சீடையும் வீட்டிலிருந்தே டின்னில் கட்டிக்கொள்ளுங்கள், ஆத்தாவுக்கு அதில் சந்தோஷமும் உண்டு. பிள்ளையார்பட்டி மாதிரி வண்டி நெருக்கி நிற்கும் இடத்தில் அடுப்பையே பற்றவைக்காதீர்கள். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரையில் நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டி எரிந்ததே, ஒன்பது பேர் போனார்கள். சட்டத்துக்கு மாறாக உள்ளே கொண்டுவந்த சிலிண்டரால்தான். அவர்களும் கோயில் கோயிலாகப் போய்வந்த குடும்பங்கள்தான். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் ஆறுவதில்லை.

நாற்றமோ அலாரமோ வந்தால் செய்யவேண்டியதை வண்டியில் ஏறும் எல்லோருக்கும், பிள்ளைகளுக்கும் சேர்த்து, முன்னாலேயே சொல்லிவையுங்கள். எந்த சுவிட்சையும் தொடக் கூடாது. போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சாவி திருகக் கூடாது, உள்ளே நின்று போன் பேசக் கூடாது. கதவுகளை அகலத் திறந்து, முதலில் அப்பத்தாவையும் பிள்ளைகளையும் இறக்கி, காற்று வரும் திசைப் பக்கமாக விலகிப் போகவேண்டும். கண்மாய்ச் சரிவிலோ வாய்க்கால் பள்ளத்திலோ போய் நிற்காதீர்கள், கேஸும் அங்கேதான் வரும். வெளியிலிருந்து பெட்டியைத் திறந்து ரெகுலேட்டரை மூட முடிந்தால் மூடுங்கள், தீ தெரிந்தால் அருகே போகாதீர்கள். தூரம் போனபிறகு கேஸ் கசிவுக்கு 1906, தீ என்றால் 101 அல்லது 112. இரண்டு கிலோ பவுடர் தீயணைப்பான் ஒன்று கதவோரம் இருக்கட்டும், அடுப்புக்குப் பின்னால் அல்ல.

பேப்பர் வேலையையும் விட்டுவிடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது. சீட்டைக் கழற்றிப் படுக்கை போட்டதையே ஆர்டிஓவிடம் காட்டி அனுமதி வாங்கவேண்டும். மோட்டார் கேரவனுக்கு ஏஐஎஸ் 124 என்று தனித் தரநிலை உண்டு. பாடி கட்டுகிறவர் அதைத் தெரிந்தவரா என்று முதலிலேயே கேளுங்கள். அனுமதியில்லாத மாற்றம் என்றால் இன்சூரன்ஸ்காரர் கையை விரித்துவிடுவார்.

பெட்டிக்குத் தகடு வெட்டுவதற்கு முன் வண்டியின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், தம்பி. சைலன்சரும் டீசல் டேங்கும் பேட்டரியும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று பார்த்து, பெட்டியை எங்கே வைக்கலாம், தரைத் திறப்பை எந்த மூலையில் அறுக்கலாம் என்று குறித்துத் தருகிறேன்.